பிலாத்துவின் அரமனையில் கொஞ்சம் நில்லுங்கள்

பெரிய வெள்ளியன்று பிரசங்க பீடம் ஏறப்போகும் போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு திறந்த மடல்



லெந்து நாட்கள் பாதி ஓடிவிட்டன. மும்மணித் தியானத்தில் ஏழு வார்த்தைகளை யார் யார் பேசுவது என்று உங்கள் சேகரங்களில் இந்நேரம் பங்கு பிரித்திருப்பீர்கள். முதல் வார்த்தை சேகரத் தலைவருக்கு, நடுவில் ஒன்று பெண்கள் ஐக்கியத்துக்கு, இன்னொன்று வாலிபருக்கு, கடைசி வார்த்தை வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிக்கு. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் ஏழும் சிலுவையின்மேல் இருந்தபோது சொல்லப்பட்டவை. அவரை அங்கே ஏற்றியது எது என்ற கேள்விக்கு அன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை இடமே கிடைப்பதில்லை. ஏற்றியது ஒரு வழக்கு. அன்னாவின் வீடு, காய்பா, ஆலோசனைச் சங்கம், பிலாத்து, ஏரோது, திரும்பவும் பிலாத்து என்று ஓர் இரவும் ஒரு காலையும் அவரை வாசல் வாசலாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பொய்க் குற்றம் சாட்டி அநியாயமாய்த் தீர்ப்புச் செய்தார்கள் என்று ஒரே மூச்சில் அதைத் தாண்டி நாம் நேராக ஆணிகளிடம் போய்விடுகிறோம்.

நான் கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்திப் பிழைக்கிறவன். வேதசாஸ்திரக் கல்லூரியின் படியை மிதித்ததில்லை. ஒரு வழக்கு எப்படிச் சோடிக்கப்படுகிறது, சாட்சிக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது, நீதிபதி எந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார் என்பது மட்டும் ஓரளவு தெரியும். அந்தப் பழக்கத்தோடு பாடுகளின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் இவ்வளவு விவரமான நீதிமன்றப் பதிவை எப்படி விட்டுவிடுகிறார்கள் என்று தோன்றும். நாம் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணம் அதை விடவில்லையே. கர்த்தரைத் தவிர அதில் பெயர் சொல்லப்படும் மனிதர் இருவர்தான்: அவரைப் பெற்ற மரியாள், அவருக்குத் தீர்ப்பெழுதிய பிலாத்து. காட்டிக்கொடுத்த யூதாசின் பெயர் அதில் இல்லை, மறுதலித்த பேதுருவின் பெயர் இல்லை, காய்பாவும் இல்லை. நீதிபதியின் பெயரைத்தான் சபைப் பிதாக்கள் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இரவு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மாற்கு 14ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை முதலில் முடிவாகிவிட்டது, சாட்சியைப் பிறகு தேடுகிறார்கள். வந்தவர்கள் பலர். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை என்று மாற்கு இரண்டு முறை குறிப்பிடுகிறார். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இதற்குத் தெளிவான வழி இருந்தது. இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்துப்போனால்தான் காரியம் நிலைவரப்படும். சாட்சி பொய்யன் என்று தெரிந்தால், மற்றவனுக்கு என்ன தண்டனை வாங்கித்தர நினைத்தானோ அதையே அவன் அனுபவிக்க வேண்டும். உபாகமம் 19 சொல்வது இது. அன்றிரவு யாரும் அந்தச் சுருளைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சாட்சிகள் கொண்டுவந்த சரக்கையும் பாருங்கள். இந்த ஆலயத்தை நான் இடித்துப்போடுவேன் என்று இவன் சொன்னான் என்றார்கள். யோவான் 2ஆம் அதிகாரத்தின்படி ஆலயத்தைப் பற்றி அவர் பேசியது உண்மை, மூன்று நாள் என்று சொன்னதும் உண்மை. இடிப்பது மட்டும் அவர் அல்லர், நீங்கள் இடியுங்கள், நான் எழுப்புவேன் என்பதே அவர் பேச்சு. எழுவாயை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். என் அனுபவத்தில் முழுப் பொய்யைக் குறுக்கு விசாரணையில் உடைப்பது எளிது. இப்படி முக்கால் உண்மையைச் சற்று வளைத்து வைக்கும் பொய்தான் வழக்கறிஞரின் தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்தேவான்மேல் சுமத்தப்பட்டதும் ஏறத்தாழ இதே ஆலயக் குற்றச்சாட்டுத்தான். ஒரு முறை பயன்பட்ட சாட்சியம் கோப்பில் பத்திரமாக இருந்திருக்கிறது.

சாட்சி தோற்றவுடன் காய்பா என்ன செய்தான்? எழுந்து நின்று குற்றம் சாட்டப்பட்டவரையே கேள்வி கேட்டான். மத்தேயுவின்படி ஆணையிட்டுக் கேட்டான். தனக்கெதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது உறுப்பில் மூன்றாம் கூறு இருக்கிறதே, அது எதற்காக எழுதப்பட்டது என்று இளம் வழக்கறிஞர்களுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைத்ததில்லை. பொய்ச் சாட்சிக்கு அவர் வாய் திறக்கவில்லை. அவர் யார் என்று கேட்டபோது மட்டும் பதில் சொன்னார், அந்தப் பதில்தான் தன்னைக் கொல்லும் என்று தெரிந்தே சொன்னார். பொய்யான சாட்சியத்தால் அவரைக் குற்றவாளியாக்க முடியவில்லை. அவர் சொன்ன உண்மையைக் கொண்டுதான் முடிந்தது. இதை வைத்தே ஒரு முழுப் பிரசங்கம் செய்யலாம்.

விடிந்ததும் குற்றச்சாட்டு உருமாறிவிட்டது. இரவில் தேவதூஷணம். காலையில் பிலாத்துவின் முன் லூக்கா பட்டியலிடுவது வேறு: ஜனங்களைக் கலகப்படுத்துகிறான், இராயனுக்கு வரி கொடாதே என்கிறான், தன்னை ராஜா என்கிறான். ரோம அதிபதிக்குத் தேவதூஷணத்தில் அக்கறை கிடையாது, ராஜத்துரோகத்தில் உண்டு. ஆகையால் எந்த மேசையில் எந்தக் குற்றம் விலைபோகுமோ அந்தக் குற்றம் வைக்கப்பட்டது. இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுக்கச் சொன்னவர்மேல் வரிகொடா இயக்கம் நடத்தியதாக வழக்கு! சமயக் காரியத்தால் எழுந்த பகை அரசாங்கத்தின் வாசலுக்குப் போகும்போது ராஜத்துரோக வேடம் கட்டிக்கொள்ளும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை மேலும் திருவிதாங்கூர் அரசின் இரகசியங்களை வெளியாட்களுக்குச் சொன்னார் என்ற பழி சுமத்தப்பட்டதாகவே சபை மரபு சொல்கிறது.

பிலாத்துவை நீங்கள் பெரும்பாலும் இரக்கத்தோடு பேசுகிறீர்கள். பாவம், விடுவிக்கத்தான் பார்த்தான், கூட்டம் விடவில்லை என்பீர்கள். எத்தியோப்பியத் திருச்சபை அவனைப் பரிசுத்தவானாகவே கொண்டாடுகிறது, ஆகையால் இது உங்கள் தவறு மட்டும் அன்று. ஆனாலும் அதே நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா ஃபைலோ அவனைப் பற்றி எழுதும்போது லஞ்சம், கொடூரம், விசாரணையில்லாத கொலைகள் என்றெல்லாம் அடுக்குகிறார். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன், கடைசியில் கெரிசீம் மலையருகே சமாரியரை வெட்டிச் சாய்த்த விவகாரத்தில் பதவியிழந்து ரோமுக்கு அனுப்பப்பட்டவன். அவன் பெயரும் பதவியும் பொறித்த சுண்ணாம்புக்கல் 1961இல் செசரியாவின் பழைய அரங்கில் தோண்டும்போது கிடைத்தது. பின்னாளில் யாரோ அதைப் படிக்கட்டுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள்.

லூக்கா எழுதுவதை எண்ணிப் பாருங்கள். இவனிடத்தில் குற்றம் காணவில்லை என்று பிலாத்து மூன்று முறை சொல்கிறான். குற்றமில்லை என்று சொன்ன அதே வாயால், அடித்து விடுதலையாக்குகிறேன் என்கிறான். குற்றமே இல்லையென்றால் அடி எதற்கு? இங்கேதான் அவன் வழுக்கத் தொடங்குகிறான். எதிர்த்தரப்பைச் சமாதானப்படுத்தக் கொஞ்சம் அநியாயத்தைத் தானே முன்வந்து கொடுத்தான். கொஞ்சம் கொடுப்பவனிடம் மீதியையும் கேட்பார்கள், கேட்டார்கள். யோவான் அந்தக் கடைசி அழுத்தம் எது என்பதையும் சொல்லிவிடுகிறார்: இவனை விட்டால் நீர் இராயனுக்குச் சிநேகிதர் அல்ல என்றார்கள். அதோடு வழக்கு முடிந்தது. சாட்சியம் எடுபடவில்லை, பதவி பறிபோகும் பயம் எடுபட்டது. கலகத்தில் கொலை செய்து உள்ளே இருந்த பரபாஸ் வெளியே போனான். செய்யாத கலகத்துக்காக இயேசு சிலுவைக்குப் போனார். குற்றச்சாட்டை மும்மொழியில் எழுதித் தலைக்குமேல் மாட்டினார்கள். பிலாத்து கை கழுவியதை நாடகத்தில் அழகாகக் காட்டுகிறோம். அந்தத் தண்ணீருக்கு முன்பும் பின்பும் சிறைக்கதவின் சாவி அவன் கையில்தான் இருந்தது என்பதையும் ஒருமுறை பீடத்திலிருந்து சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய பிரசங்கப் புத்தகங்கள் சிலவற்றில் ஆலோசனைச் சங்கம் செய்த சட்டமீறல்கள் என்று நீளமான பட்டியல் ஒன்று இருக்கும்: இரவில் விசாரிக்கக்கூடாது, பண்டிகை நாளில் கூடக்கூடாது என்று போகும். அந்த விதிகள் எடுக்கப்பட்ட மிஷ்னா கி.பி. 200ஐ ஒட்டித்தான் தொகுக்கப்பட்டது. அதை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. 170 ஆண்டுக்குப் பிந்திய விதிப்புத்தகத்தைக் காட்டி ஒரு தீர்ப்பை உடைக்க என்னை எந்த நீதிமன்றமும் விடாது. அந்தப் பட்டியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழியை ரோம அதிபதியின் தோளிலிருந்து இறக்கி ஒரு முழு இனத்தின் தலையில் வைப்பது. சிலுவை ரோமருடைய தண்டனை, ஆணையிட்டவன் ரோமன், அறைந்தவர்கள் ரோமச் சேவகர். அரிமத்தியா ஊர் யோசேப்பு அந்தச் சங்கத்தில் இருந்தும் சம்மதிக்கவில்லை என்று லூக்காவே பதிவு செய்கிறார். அப்படியிருந்தும் பொய்க் குற்றத்துக்குப் பலியானவரை வணங்கும் நாம் அவருடைய சொந்த ஜனத்தின்மேல் பொய்க் குற்றம் சுமத்தினோம். 1475இல் இத்தாலியின் திரென்ட் நகரில் சீமோன் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். யூதர் பஸ்காவுக்காக அவன் இரத்தத்தை எடுத்தார்கள் என்று சொல்லி, சித்திரவதையில் வாக்குமூலம் வாங்கி, பல யூதரைக் கொன்றார்கள். அந்தச் சிறுவனுக்கு நடந்த வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும் இன்று வாழ்கிறவர்கள்மேலும் சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. பெரிய வெள்ளியன்று "யூதர்கள்" என்று குரல் உயர்த்துமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் காரியத்துக்கு வருகிறேன். இயேசுவின் மௌனம். மயிர் கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாத ஆட்டைப் பற்றி நீங்கள் பிரசங்கிக்கும்போது அதைக் கேட்டுத் தலையசைப்பவர்கள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? திருட்டுப் பழி சுமத்தி வேலையிலிருந்து துரத்தப்பட்ட வீட்டு வேலைக்காரப் பெண். சாதிப் பகையில் பொய் வழக்குப் போடப்பட்டு வாய்தா வாய்தாவாக அலைகிற கூலிக்காரர். தன் நடத்தையைப் பற்றி ஊர் பேசியதற்கு நியாயம் கேட்கப்போய், பொறுமையாயிரு என்று உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவள். பிலாத்துவின் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஆலயத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

அவருடைய மௌனம் முழு மௌனமும் அல்ல. அன்னாவின் முன் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகாதது பேசியிருந்தால் எது என்று ஒப்புவி, தகுந்ததைப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்ற பொருளில் கேட்டார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர் நீதிமன்றத்தில் அடித்தவனிடம் விளக்கம் கேட்டார். வேடிக்கை பார்க்க விரும்பிய ஏரோதுக்குத்தான் அவரிடமிருந்து ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின் அதே பாதையில் வந்த பவுல் என்ன செய்தார்? பிலிப்பியில் விசாரிக்காமலே அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள். காலையில் ஓசைப்படாமல் போய்விடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பவுல் நகர மறுத்தார். ரோமக் குடிமக்களை விசாரணையில்லாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள், வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். விசுவாச வீரரின் தாழ்மை எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

எருசலேமில் நடந்தது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வழக்கு. எபேசு ஊரானாகிய துரோப்பீமுவைப் பவுலோடு நகரத்தில் சிலர் பார்த்திருந்தார்கள். ஆகவே அவனை ஆலயத்துக்குள்ளும் கூட்டிவந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். அது உயிருக்கு உலை வைக்கும் குற்றச்சாட்டு. புறஜாதியான் தடுப்பைத் தாண்டினால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எழுதிய எச்சரிக்கைக் கல் 1871இல் எருசலேமில் கிடைத்தது, இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரே கூடி அடித்தது. சேனாபதி கிலவுதியு லீசியா வந்து மீட்டான், மீட்ட கையோடு சவுக்கால் அடித்து விசாரிக்கவும் கட்டளையிட்டான். வாரினால் கட்டிவிட்டார்கள். அப்போதும் பவுல் சட்டத்தைத்தான் கேட்டார்: ரோமனும் நியாயம் விசாரிக்கப்படாதவனுமாகிய ஒருவனை அடிப்பது முறையா என்றார். சவுக்கு கீழே போயிற்று.

பிறகு லீசியா தன் மேலதிகாரியான தேசாதிபதி பேலிக்சுக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள், அப்போஸ்தலர் 23. இவன் ரோமன் என்று அறிந்து போய்க் காப்பாற்றினேன் என்று எழுதுகிறான். கட்டியதும் அடிக்கப் போனதும் அதில் இல்லை. போலீஸ் அறிக்கை படித்துப் பழகியவனுக்கு இதில் சிரிப்பு வரும். லூக்கா எந்த விமரிசனமும் செய்யாமல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார்.

செசரியாவில், பிலாத்துவின் கல் பின்னாளில் கிடைத்த அதே ஊரில், வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பு தெர்த்துல்லு என்ற கைதேர்ந்த வக்கீலை அமர்த்தியிருந்தது. அவன் பேலிக்சைப் புகழ்வதிலேயே பாதி வாதத்தைச் செலவிட்டான். பவுலின் எதிர்வாதம் சுருக்கம். நான் எருசலேமுக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, இவர்கள் சொல்வதை இவர்களால் நிரூபிக்க முடியாது, என்னை ஆலயத்தில் கண்டதாகச் சொன்ன ஆசியாக்காரர் ஏன் இங்கே வரவில்லை? வரவேண்டிய சாட்சி வரவில்லை என்ற அந்த ஒரு கேள்வியிலேயே வழக்கு விழுந்திருக்க வேண்டும். பேலிக்ஸ் தள்ளிவைத்தான். நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கைதி பேசியபோது நடுங்கினான், மறுபடியும் தள்ளிவைத்தான். பவுல் பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசினானாம். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. மாற்றலாகிப் போகும்போதும், யூதருக்குத் தயவு செய்ய விரும்பி, காவலில் வைத்துவிட்டே போனான்.

தீர்ப்பே சொல்லாமல் தண்டிப்பதும் அநியாய விசாரணைதான். நம் நாட்டுச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அவர்கள் குற்றவாளிகள் என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குருவானவர் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில், 83 வயதில், நடுக்குவாத நோயோடு கைதானார். 2021 ஜூலை 5 அன்று ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையிலேயே மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அவர் வழக்குக்கு நான் இங்கே தீர்ப்பெழுதவில்லை. எழுதவேண்டிய நீதிமன்றமும் அவர் உயிரோடிருந்தவரை எழுதவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பேலிக்சின் இரண்டு வருஷத்தைப் பிரசங்கிக்கும்போது இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்பதும் தெரியும்.

பேலிக்சுக்கு அடுத்து வந்த பெஸ்துவும் யூதருக்குத் தயவு செய்யவே பார்த்தான். எருசலேமுக்குப் போகிறாயா என்று கேட்டான். வழியில் கொல்வதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். பவுல் இராயனுக்கு அபயமிட்டார். மரணத்துக்கு ஏதுவானதைச் செய்திருந்தால் சாகமாட்டேன் என்று சொல்லவில்லை, செய்யாததற்காக என்னை எவரிடமும் ஒப்புக்கொடுக்க ஒருவருக்கும் உரிமையில்லை என்றார். இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே வேதம் கற்றுத்தரும் கிறிஸ்தவ நிலை என்று நான் நினைக்கிறேன். சட்டத்துக்கு உட்படுகிறார், அநியாயத்துக்கு உட்பட மறுக்கிறார். சாகவும் தயார், பொய்க்கு ஒத்துப்போக மட்டும் தயாரில்லை. அபயமிட்டது அவிசுவாசமாக அவருக்குத் தோன்றவில்லை. ரோமிலும் நீ சாட்சி கொடுக்க வேண்டும் என்று கர்த்தர் சொல்லியிருந்தார், அவரைச் செலவில்லாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மேல்முறையீடுதான்.

புறஜாதியானாகிய பெஸ்து அதை ஏற்றுக்கொண்டான். இராயனிடத்துக்கே போவாய் என்றான். 1431இல் பிரான்சின் ரூவான் நகரில் பத்தொன்பது வயதுப் பெண்ணான ஜோன், தன் வழக்கைப் பாப்பரசரிடம் கொண்டுபோகும்படி கேட்டாள். அவர் வெகு தொலைவில் இருக்கிறார் என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதியாக இருந்தவர் ஒரு மேற்றிராணியார். மே 30 அன்று எரித்தார்கள். தீர்ப்புச் செல்லாது என்று 1456இல் மறுவிசாரணையில் அறிவித்தார்கள், 1920இல் புனிதையாக்கினார்கள். கத்தோலிக்கர் காரியம்தானே என்று சீர்திருத்தச் சபையார் நிம்மதியடைய வேண்டாம். 1692இல் மாசசூசெட்ஸின் சேலத்தில், சூனியக்காரர் என்ற பொய்ப் பழியில் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டவர்கள் வேதத்தைத் தினமும் வாசித்த சீர்திருத்தச் சபைக்காரர்கள்தான். நாம் கூண்டில் நின்ற காலம் கொஞ்சம். நியாயாசனத்தில் உட்கார்ந்த காலம் அதிகம். வேதத்தில் நம்மைத் தேடும்போது எப்போதும் பவுலின் பக்கமே தேடுகிறோம்.

இதைச் சொல்லிவிட்டு உங்களைப் பற்றிய ஒன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் அல்லன். இந்நாட்களில் பொய்க் குற்றச்சாட்டு என்ற சொல் நம் சபைகளில் மிக மலிவாகிவிட்டது. காணிக்கைக் கணக்குக் கேட்டால் பொய்க் குற்றச்சாட்டு. சபைச் சொத்து எப்படிக் கைமாறியது என்று வழக்குப் போட்டால் சாத்தானின் சோதனை. ஒரு பெண்பிள்ளை வந்து, போதகர் என்னிடம் இப்படி நடந்தார் என்று அழுதால், கர்த்தருடைய அபிஷேகம் பெற்றவர்மேல் கைபோடாதே என்கிறார்கள். மறு ஞாயிறு அதே போதகர், எனக்கும் என் எஜமானுக்கும் ஒரே பாதை என்று கண்ணீரோடு பிரசங்கிக்கிறார். மலைப்பிரசங்கம் பாக்கியவான்கள் என்று சொல்வது பொய்யாய்த் தீமை சொல்லப்பட்டவர்களை. பேதுரு இன்னும் கண்டிப்பாக எழுதினார். உங்களில் ஒருவனும் கொலைகாரனாகவோ திருடனாகவோ பாடுபடக்கூடாது என்றார். குற்றச்சாட்டு பொய்யா மெய்யா என்று தெரிய ஒரே வழி அதை விசாரிப்பது. பவுல் தன்மேல் குற்றம் சொன்னவர்களை வாயடைக்கச் சொல்லவில்லை, நேரே கூட்டிவரச் சொன்னார்.

மொட்டைக் கடிதத்தைப் பற்றியும் ஒரு வரி. சேகரத் தேர்தல் வந்தால் அது எத்தனை பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். கி.பி. 112ஐ ஒட்டிப் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களின் பெயர்களை அடுக்கிய கையெழுத்தில்லாத பட்டியல் ஒன்று வந்திருக்கிறதே என்று பேரரசன் டிராஜனைக் கேட்டான். கையெழுத்தில்லாத குற்றச்சாட்டுக்கு எந்த வழக்கிலும் இடமில்லை என்று டிராஜன் பதில் எழுதினான். நம்மைக் கொன்ற அரசாங்கத்தின் தலைவன் நமக்குக் கொடுத்த அந்தக் குறைந்தபட்ச நியாயத்தை நாம் ஒருவருக்கொருவர் கொடுப்பதில்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேலின் பதின்மூன்றாம் அதிகாரமாக இருக்கும் சூசன்னாள் கதையை, நம் வேதாகமத்தில் இல்லை என்றாலும், ஒருமுறை படியுங்கள். கற்புள்ள ஒருத்திமேல் இரண்டு மூப்பர் விபசாரப் பழி சுமத்துகிறார்கள். தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்கிறான். ஆளுக்கொரு மரம் சொல்கிறார்கள். குற்றம் சொன்னவர்கள் மூப்பர்கள், ஊரார் மதித்தவர்கள், நியாயாதிபதிகளும்கூட. சாட்சியின் தகுதியைப் பார்க்காமல் சாட்சியத்தைச் சோதித்ததால்தான் அவள் பிழைத்தாள். உங்கள் சேகரக் கமிட்டியில் அடுத்த தடவை யாரையாவது பற்றிப் புகார் வந்தால் அந்த மரத்தைக் கேளுங்கள். புகார் சொன்னவருக்கும் அது நல்லது, சொல்லப்பட்டவருக்கும் நல்லது.

இனி என் வேண்டுகோள். இந்தப் பெரிய வெள்ளியில் ஏழு வார்த்தைகளுக்கு முன்பாக லூக்கா 23ஆம் அதிகாரத்தின் முதல் இருபத்தைந்து வசனங்களை முழுவதுமாக வாசிக்க வையுங்கள். கால் மணி நேரம் அந்த அரமனையில் நின்று பேசுங்கள். பேசி முடித்தபின் செய்வதற்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் சேகரத்திலோ சுற்றுப்புறத்திலோ, கிறிஸ்தவரானாலும் மற்றவரானாலும், ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வெளியே வரமுடியாமல் சிறையில் இருக்கிறவர் ஒருவராவது இருப்பார். நீதிமன்றம் இரண்டு ஜாமீன்தாரர் கேட்டிருக்கும். சொத்து வரி ரசீதோ சம்பளச் சான்றோ கையில் வைத்துக்கொண்டு அவருக்காக நிற்க யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் சபையில் அந்த ரசீது வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! பிணைப்படாதே என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறதே என்பீர்கள். அது அயலானின் கடனுக்குப் பிணை நிற்பதைப் பற்றியது.

தெசலோனிக்கேயில் பவுலைத் தேடி வந்தவர்கள் அவரைக் காணாமல், அவருக்கு வீட்டில் இடம் கொடுத்த யாசோனை அதிகாரிகளிடம் இழுத்துப் போனார்கள். இயேசு என்னும் வேறொரு ராஜா இருக்கிறான் என்று சொல்லி இராயனுக்கு விரோதமாய் நடக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பிலாத்துவின் முன் சொன்ன அதே குற்றச்சாட்டு. யாசோன் அங்கே பிரசங்கம் செய்ததாக வேதத்தில் இல்லை. ஜாமீன் கொடுத்தார், விட்டுவிட்டார்கள், அந்த இரவே பவுலும் சீலாவும் பெரோயாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

உங்கள் சேகரத்தில் யாசோன் யார் என்று பெரிய வெள்ளிக்கு முன்பே கேட்டு வையுங்கள். நீதிமன்றத்துக்கு அழைத்துப் போக என்னைப்போல் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் ஒரு வழக்கறிஞர்